நிஜமாவா, மரியாதைக்கா?

உக்காருங்கம்மா, எதுக்கு எந்திரிக்கிறீங்க? இப்பத்தான் முப்பத்தி ஒம்பது கூப்பிட்டிருக்காங்க. எங்களுக்கு நாப்பத்தி நாலு. இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். நான் வருஷக்கணக்கா இந்த ஆஸ்பத்திரிக்கு வர்றவ, எனக்குத் தெரியும். உங்களுக்கு எத்தனை? சரி விடுங்க, எத்தனையா இருந்தா என்ன, வந்தா கூப்பிடுவாங்க.

இவங்க உங்க அம்மாவா? தூங்கட்டும், எழுப்பாதீங்க. பாத்த உடனே புரிஞ்சுக்கிட்டேன். வாயைத் திறந்துக்கிட்டு, தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சுக்கிட்டு... மாத்திரை அசதி. என் தம்பியும் ஆரம்பத்துல இப்படித்தான் தூங்குவான். பாவம், இந்த வயசுல. உங்களைப் பாத்தாலும் தெரியுதும்மா, நல்ல விவரமான ஆளு, பொறுமையான ஆளு. இந்த மாதிரி ஆளுங்களை வச்சுக் காப்பாத்தணும்னா அந்தப் பொறுமை வேணும். எனக்கு ஒருத்தர் முகத்தைப் பாத்தாப் போதும், மனசுல இருக்கிறதை அப்படியே எடுத்துச் சொல்லிடுவேன். எங்க தெருவுல வேணா வந்து கேட்டுப் பாருங்க.

அதோ, நர்ஸம்மா மேசைகிட்ட ஊதா ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு நிக்கிறான் பாருங்க, அவன்தான் என் தம்பி வேல்ச்சாமி. நாப்பத்தி ஒண்ணு வயசு. சித்திரை மாசம், மதுரையில, ஸ்வெட்டர்! இந்தக் கொடுமையை எங்க போய்ச் சொல்ல? பத்து வருஷமா அதேதான். நானும் "வேர்க்கலையாடா உனக்கு?"ன்னு கேக்காத நாள் கிடையாது. "வேர்க்குதுக்கா"ம்பான். அவ்வளவுதான். அதுக்கு மேல ஒண்ணும் நடக்காது.

ஆஸ்பத்திரி நோட்டுல மனச்சிதைவுன்னு எழுதியிருக்கும். எனக்கு அந்தப் பேரே ஆகாது. என் தம்பி என்ன மண்சுவரா, சிதையுறதுக்கு? வெளிய யாரு கேட்டாலும் நரம்புத் தளர்ச்சின்னுதான் சொல்லுவேன். அவன் பக்கத்துல நின்னுக்கிட்டு, "இல்லக்கா, மனச்சிதைவு"ன்னு திருத்துவான்.

எங்களுக்கு அருப்புக்கோட்டை. அங்க ஒரு காராச்சேவுக் கடையில பொட்டலம் கட்டுறான். வேலையில ஒரு குறை சொல்ல முடியாது. பேச்சுலதான். யாராவது வந்து "சேவு நல்லாருக்குமாப்பா?"ன்னு கேட்டா, "இது நேத்துப் போட்டது, சாயங்காலம் வாங்க, புதுசு வரும்"னு அனுப்பிடுவான். முதலாளி இப்ப அவனை உள்பக்கமா உக்கார வச்சிருக்காரு. எதிர்வீட்டுக்காரி "சாப்பிட்டாச்சா?"ன்னு ஒரு பேச்சுக்குக் கேப்பா. நாம என்ன சொல்லுவோம்? ஆச்சு, நீங்க? முடிஞ்சுபோச்சு. இவன் நின்னு, "நாலு இட்லி கேட்டேன், அக்கா மூணு வச்சா"ன்னு கணக்கு ஒப்பிப்பான். என் மானம் தெருவுல போகும்.

இந்த மாதிரி ஆளுங்களுக்கு மத்தவங்க மனசுல என்ன இருக்குன்னு புரியாதும்மா. அதுக்கு இங்க ஒரு பரீட்சையே வைக்கிறாங்க, தெரியுமா? அந்தக் கடைசி ரூம்ல ஒரு பொண்ணு படம் காட்டும். ஒரு படத்துல ஒரு பொம்பளை இப்படி உக்காந்திருக்கா. "இவங்க என்ன நினைக்கிறாங்க?"ன்னு கேட்டுச்சு. வேல்ச்சாமி ரொம்ப நேரம் பாத்துட்டு, "தெரியலைங்க, அவங்களைக் கேட்டாத்தான் தெரியும்"னான். எனக்குப் பொறுக்கல. "இதுல என்னம்மா இருக்கு, நாத்தனா வந்து பத்து நாளாச்சு, இன்னும் ஊருக்குக் கிளம்பல, அந்த எரிச்சல்"னு சொன்னேன். அடுத்த படத்துல ஒரு ஆளு ஜன்னல்கிட்ட நிக்கிறான். "பொண்டாட்டி ஊருக்குப் போயிருக்கா, சந்தோஷமா இருக்கான்"னேன். மூணாவது படத்துல என்னை வெளிய உக்காரச் சொல்லிட்டாங்க. எனக்கு எத்தனை மார்க்குன்னு இன்னைக்கு வரைக்கும் சொல்லல. எல்லாம் சரியாத்தான் இருந்திருக்கும்.

அப்புறம்தான் டாக்டரம்மா கூப்பிட்டு ரெண்டு விஷயம் சொன்னாங்க. அங்க பிடிச்சதுதான் எங்க வீட்டுக்குச் சனி. எனக்குச் சொன்னது, "அவர்கிட்ட சுத்தி வளைச்சுப் பேசாதீங்க. ஜாடை, குத்தல் எல்லாம் அவருக்குப் பிடிபடாது. வேணும்னா வேணும், வேண்டாம்னா வேண்டாம். நேராச் சொல்லுங்க." அவனுக்குச் சொன்னது, "யாராவது சொல்றது உண்மையா, இல்ல ஒரு பேச்சுக்கான்னு சந்தேகம் வந்தா, மனசுக்குள்ள வச்சுக் குழம்பாதீங்க. அவங்ககிட்டயே கேட்டுடுங்க."

கேட்டுடுங்கன்னு சொன்னாங்களா, பிடிச்சுக்கிட்டான். அன்னையில இருந்து யாரு என்ன சொன்னாலும் ஒரே கேள்விதான். "நிஜமாவா, மரியாதைக்கா?" ஒருத்தர் "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க தம்பி"ம்பாரு. "நிஜமாவா, மரியாதைக்கா?" ஒருத்தர் "காப்பி குடிக்கிறீங்களா?"ம்பாரு. "நிஜமாவா, மரியாதைக்கா?" எதிர்வீட்டுக்காரி ஒரு நாள் வகையா மாட்டிக்கிட்டு, "மரியாதைக்குத்தான்ப்பா, பால் இல்ல"ன்னு சொல்லிட்டா. இவன் "நன்றிங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டான். அவளுக்கு என்னமோ அன்னையில இருந்து இவன்மேல தனிப் பிரியம். காரணம்தான் எனக்குப் புரியல.

நான் நேராப் பேசப் பழகுறது இருக்கே, அது பெரிய பாடு. குப்பை வண்டி வந்து நின்னா, முன்னெல்லாம் "வண்டி வந்துருச்சு போல"ம்பேன். "ஆமாக்கா"ன்னு சொல்லிட்டு உக்காந்தே இருப்பான். "இந்த வீட்டுல நான் ஒருத்திதான் கெடந்து சாகுறேன்"னா, "நாலு பேர் இருக்கோமேக்கா"ம்பான். இப்ப "வேல்ச்சாமி, குப்பையைக் கொண்டு போய்ப் போடு"ங்கிறேன். உடனே போடுறான். அதுல பேசின திருப்தியே இல்லம்மா.

இதுல என் வீட்டுக்காரருக்கு வேற வந்துருச்சு. இருபத்தாறு வருஷம் வாயைத் திறக்காத மனுஷன். ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வச்சுட்டு, "நேராச் சொல்றேன், எனக்குச் சுண்டவத்தக் குழம்பு பிடிக்காது"ங்கிறாரு. இருபத்தாறு வருஷம் செவ்வாக்கிழமை தவறாம வச்ச குழம்பு! "எப்ப இருந்து?"ன்னேன். "முதல் செவ்வாக்கிழமையில இருந்து"ங்கிறாரு. டாக்டரம்மாகிட்ட கேக்கணும், இது ஒட்டுவாரொட்டியான்னு.

என்னம்மா, நெளியுறீங்க? தண்ணி வேணுமா? இந்தாங்க, என்கிட்ட இருக்கு. குடிங்க. நாப்பத்தி மூணு, நாப்பத்தி மூணுன்னு ரெண்டு தடவை கூப்பிட்டுட்டாங்க, எவளோ போகாம உக்காந்திருக்கா பாருங்க. இந்த மாதிரி ஆளுங்க இப்படித்தான். நீங்க கேளுங்க, நான் சொல்ல வந்ததே இனிமேத்தான் இருக்கு.

என் மக இந்துமதி. அவளைப் பாக்கத் தை மாசம் திருமங்கலத்துல இருந்து வந்தாங்க. பையன் ராஜ்மோகன், தபால் ஆபீஸ்ல வேலை. நல்ல இடம். விட்டா கிடைக்காது. வேல்ச்சாமி எதாவது பேசிக் கெடுத்துட்டான்னா? அதனால முந்தின நாள் அவனை உக்கார வச்சு, டாக்டரம்மா சொன்ன மாதிரியே நேராச் சொன்னேன். "நாளைக்கு நீ வீட்டுல இருக்க வேணாம்டா. யாராவது கேட்டா நீ ஊர்ல இல்லன்னு சொல்லப் போறோம்." பாருங்க, இதுக்கு மேல நேராப் பேச முடியுமா? அவன் முகத்துல ஒண்ணும் தெரியல. அவன் முகத்துல என்னைக்குத்தான் என்ன தெரிஞ்சிருக்கு? வருத்தம்னு எல்லாம் ஒண்ணும் இருக்காது. "சரிக்கா"ன்னான். "எதிர்வீட்டு மாடியில உக்காந்துக்கோ"ன்னேன். "எதிர்வீடும் நம்ம ஊர்தானேக்கா?"ன்னான். "ஆமா, அதுக்கென்ன இப்ப?"ன்னுட்டு நான் ரவையை வறுக்கப் போயிட்டேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு வந்தாங்க. உக்காந்தாங்க. பஜ்ஜி, கேசரி எல்லாம் வச்சாச்சு. பையனோட அம்மா சுத்திப் பாத்துட்டுக் கேட்ட முதல் கேள்வியே, "தாய்மாமன் எங்க, காணோமே?" கேப்பாங்கதானே. பொண்ணுக்குத் தாய்மாமன் இல்லாம என்ன காரியம் நடக்கும்? நான், "சோலி விஷயமா வெளியூர் போயிருக்கான்ங்க, ஊர்லயே இல்ல"ன்னேன். சொல்லி வாயை மூடல. என் வீட்டுக்காரர் போன் அடிக்குது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். எப்பவும் ஸ்பீக்கர்லதான் பேசுவாரு.

"மாமா, வேல்ச்சாமி பேசுறேன். நான் இப்ப ஊர்ல இல்ல. நீங்க இனிமே சொல்லிக்கலாம்."

இவரு விட்டாரா? "என்னது? சத்தமாச் சொல்லு!"ங்கிறாரு.

"நான் ஊர்ல இல்லன்னு அவங்ககிட்ட சொல்லிக்கலாம் மாமா! முதல்ல பாலையம்பட்டி வரைக்கும் போனேன். அது வெளியூர்க் கணக்குல வருமான்னு சந்தேகமா இருந்துச்சு. அதான் பஸ் ஏறிப் பந்தல்குடிக்கே வந்துட்டேன். இங்க நல்ல வெயிலு. அவங்க போனதும் சொல்லுங்க, வந்துடுறேன்."

கேசரியை வாய்க்குக் கொண்டு போன பையன் கை பாதியில நிக்குது. திடீர்னு கர்ச்சீப்பை எடுத்து வாயைப் பொத்திக்கிட்டான், தொண்டையில முந்திரி சிக்கிருச்சு போல. என் மக தலையைக் குனிஞ்சு உக்காந்திருக்கா, தோளு ரெண்டும் குலுங்குது. புள்ளை பாவம், அழுகுறா. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. கண்ணுல தண்ணி ரெண்டு பேருக்கும்.

கிளம்புறப்ப அந்தம்மா சொல்லிச்சு, "போயிட்டுப் போன் பண்றோம்." அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பொண்ணு பாத்த வீட்டுல பிடிச்சிருந்தா பூ வச்சுட்டுப் போவாங்க. போன் பண்றோம்னா வேண்டாம்னு அர்த்தம். நான் மட்டும் எளப்பமா? "ஒண்ணும் அவசரமில்லைங்க, இன்னும் ரெண்டு மூணு இடம் வந்துக்கிட்டுத்தான் இருக்கு"ன்னேன். ஒரு இடமும் வரல. ஒரு கெத்துக்குச் சொல்றதுதானே. அந்தம்மா முகம் கொஞ்சம் மாறுச்சு. வெயில்ல கிளம்புறாங்கல்ல, அதனால இருக்கும்.

அன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணி இருக்கும். இந்துமதி வந்து, "மாமா எங்கம்மா?"ன்னா. எனக்கு அப்பத்தான் ஞாபகமே வருது. போன் பண்ணினா, பந்தல்குடி பஸ் ஸ்டாப்லயே உக்காந்திருக்கான். காலையில இருந்து! அந்த ஸ்வெட்டரோட! "ஏன்டா வரல?"ன்னா, "நீங்க இன்னும் சொல்லலையேக்கா"ங்கிறான். ரெண்டு வாழைப்பழம் தின்னானாம். அன்னைக்கு அவனுக்கு அஞ்சு இட்லி வச்சேன்.

பதினோரு நாளாச்சு. போன் வரல. வராதுன்னுதான் எனக்குத் தெரியுமே. வேல்ச்சாமி மட்டும் தினமும் "போன் பண்றோம்னாங்களே, பண்ணினாங்களா?"ன்னு கேப்பான். இந்துமதி சரியாச் சாப்பிடல. உடம்புச் சூடுன்னு வெந்தயம் ஊற வச்சுக் குடுத்தேன். எந்நேரமும் அவங்கப்பா போனை எடுத்து எடுத்துப் பாத்துக்கிட்டிருந்தா. ரீசார்ஜ் தீரப் போகுதோ என்னவோன்னு நானும் கண்டுக்கல. பன்னண்டாம் நாள் அவ தட்டு முன்னாடி உக்காந்திருக்கா. இவன் போய் எதுக்க உக்காந்து, பட்டுனு கேக்குறான்.

"இந்து, உனக்கு அந்தப் பையனைப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு மாமா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பெத்தவ எனக்கே அப்பத்தான் தெரியும்! சொன்னாத்தானேம்மா தெரியும்? முகத்தைப் பாத்துக் கண்டுபிடிக்கவா முடியும்?

அவன் எந்திரிச்சான். என் வீட்டுக்காரர் போனை எடுத்தான். "டேய், டேய்"னு நான் அடுப்படியில இருந்து ஓடி வர்றதுக்குள்ள அந்தப் பக்கம் எடுத்தாச்சு. அந்தப் போன்ல ஸ்பீக்கரை எப்படி நிறுத்துறதுன்னு எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது.

"வணக்கங்க. இந்துமதியோட தாய்மாமன் பேசுறேன். போன் பண்றோம்னு சொல்லிட்டுப் போனீங்க. அது நிஜமாவா, மரியாதைக்கா?"

எடுத்தது பையனோட அம்மா. சொல்லுது, "நிஜமாத்தான் தம்பி சொன்னோம். எங்க வீட்டுல பெரியவருகிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டியிருந்துச்சு. ஆனா உங்க அக்கா வேற இடம் வருதுன்னு சொன்னாங்களே. உங்களுக்கு விருப்பமில்லன்னு நாங்க ஒதுங்கிக்கிட்டோம்."

"ஒரு இடமும் வரலைங்க. அது மரியாதைக்கு."

பாருங்க, குடும்பத்தை எப்படி நடுத்தெருவுல நிறுத்துறான்! அந்தம்மா அதோட விட்டுச்சா? "தம்பி, உங்களுக்கு உடம்புக்கு என்ன?"ன்னு கேட்டுச்சு. நான் இவன் முன்னாடி நின்னு தலையை ஆட்டுறேன், கையை ஆட்டுறேன், நரம்புத் தளர்ச்சி, நரம்புத் தளர்ச்சின்னு வாயை அசைக்கிறேன். என்னையே பாத்தான்.

"எங்க அக்கா நரம்புத் தளர்ச்சின்னு சொல்லச் சொல்றா. மனச்சிதைவுங்க. காலையில ஒரு மாத்திரை, ராத்திரி ரெண்டு. முன்னெல்லாம் காதுல குரல் கேக்கும், திட்டும். இப்ப ரொம்பக் கம்மி."

"என்ன சொல்லித் திட்டும்?"

"ஒண்ணுக்கும் உதவாதவன்னு. ஆனா எங்க அக்கா அளவுக்குத் திட்டாதுங்க."

அந்தம்மா சிரிக்குது! அந்தப் பக்கத்துல இருந்து இன்னும் ரெண்டு மூணு பேரு சிரிக்கிற சத்தம் கேக்குது. அங்கயும் ஸ்பீக்கர்தான் போல. அந்தப் பையன் குரல் தனியாத் தெரிஞ்சுச்சு. "ஏன் தம்பி, உங்களுக்கு எதையும் மறைக்கவே வராதா?"ன்னு கேட்டுச்சு அந்தம்மா.

"மறைக்கலாம்ங்க. பந்தல்குடி வரைக்கும் போகணும். ரொம்ப நேரமாகுது."

அடுத்த வெள்ளிக்கிழமை பூவோட வந்துட்டாங்க. உக்காந்ததும் அந்தம்மா என்கிட்ட, "உங்க வீட்டுல ஒருத்தர் சொன்னா அப்படியே நம்பலாம்னு தெரிஞ்சுபோச்சு, எங்களுக்கு அது போதும்"னு சொல்லிச்சு. எனக்குப் பெருமை தாங்கல. "எல்லாம் உங்க அன்புங்க"ன்னேன். இந்துமதி எதுக்கோ அப்பவும் குலுங்குனா. நிச்சயமாயிருச்சு. வைகாசி பதினொண்ணு கல்யாணம். நீங்க கட்டாயம் வரணும்மா, அம்மாவையும் கூட்டிக்கிட்டு வாங்க.

சந்தோஷம்தானேங்கிறீங்களா? அங்கதான் வினை வந்துச்சு. கிளம்புறப்ப அந்தம்மா கண்டிஷனாச் சொல்லிட்டுப் போயிருச்சு. "தாய்மாமன் மேடையில நிக்கணும். மாலையை அவரு கையாலதான் எடுத்துக் குடுக்கணும்." அவங்க போனதும் நான் இவன்கிட்ட, "கேட்டியாடா, நீதான் மேடையில நிக்கணுமாம்"னேன். கேட்டான் பாருங்க என்னைப் பாத்து, "நிஜமாவா, மரியாதைக்கா?"

அடுப்புல பால் பொங்குற மாதிரி இருந்துச்சு, உள்ள போயிட்டேன். பின்னாடியே என் வீட்டுக்காரர் வந்து, "நேராச் சொல்றேன், அடுப்புல பாலே இல்ல"ங்கிறாரு. அந்த மனுஷனை என்ன செய்யச் சொல்றீங்க? அதுக்கப்புறம் வேல்ச்சாமி கேக்கல. ஆனா ஒரு வெள்ளைச் சட்டை வாங்கிட்டு வந்து, தினமும் தேச்சுத் தேச்சு மடிச்சு வைக்கிறான். அதைப் பாக்குறப்ப எனக்கு என்னமோ பண்ணுதும்மா. பண்ணத்தான் செய்யுது, இல்லன்னு சொல்லல. சின்னப் புள்ளையில நான் இடுப்புல தூக்கி வச்சிருந்தவன்.

ஆனா பயமா இருக்கே. நானூறு பேரு நிப்பாங்க. மாப்பிள்ளையோட சித்தப்பா விக்கு வச்சிருக்காரு. நிச்சயத்தன்னைக்கே இவன் அதையே உத்து உத்துப் பாத்துக்கிட்டிருந்தான். மேடையில நின்னுக்கிட்டு, "இது நிஜமாவா, மரியாதைக்கா?"ன்னு கேட்டுட்டான்னா? என் மக வாழ்க்கை என்னாகும்? அதனாலதான் இன்னைக்கு வந்திருக்கேன். உங்ககிட்ட மட்டும் சொல்றேன். அன்னைக்கு ஒரு நாள் மட்டும் அவன் வாயைத் திறக்காம இருக்கிற மாதிரி ஒரு மாத்திரை கிடைக்குமான்னு டாக்டரம்மாகிட்ட தனியாக் கேக்கப் போறேன். இல்லன்னா அன்னைக்கு மட்டும் பந்தல்குடியில... வேணாம், அது வேணாம். மாத்திரைதான் சரி. இந்த மாதிரி ஆளுங்களுக்கு எது நல்லதுன்னு நாமதானேம்மா முடிவு பண்ணணும்?

என்ன, நாப்பத்தி அஞ்சுன்னு கூப்பிடுறாங்க? நாப்பத்தி நாலு நான் இங்கதானே உக்காந்திருக்கேன்! எங்களை எப்படித் தாண்டிப் போச்சு? டேய் வேல்ச்சாமி! இங்க வா! அங்கேயே நின்னுக்கிட்டு என்னடா கவனிச்ச? நம்ம நம்பர் போயிருச்சே!

என்னது? நீதான் நிறுத்தி வைக்கச் சொன்னியா? நாப்பத்தி மூணு போகாம நாம போகக் கூடாதா? ஏன், அந்த நாப்பத்தி மூணு யாரு, உன் மாமியாளா?

இவங்களா?

ஏம்மா, நீங்களா நாப்பத்தி மூணு? சொல்லக் கூடாதா? எந்திரிக்கப் பாத்தீங்களா? எப்ப? அட, தண்ணிக்குன்னு நினைச்சேன். நர்ஸம்மாகிட்ட என்னடா சொன்ன? "நாப்பத்தி மூணு எங்க அக்காகிட்ட மாட்டிக்கிட்டாங்க, முடிஞ்சதும் அனுப்புறேன்"னா? இப்படியாடா சொல்லுவ? சரிம்மா, அம்மாவை எழுப்புங்க, மெதுவா எழுப்பிக் கூட்டிட்டுப் போங்க.

அம்மா எதுக்கு வரணுமா? அப்படின்னா... உள்ள யாரு...

நீங்களா? உங்களுக்கா?

அம்மா துணைக்கு வந்தவங்களா? காலையில நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பின தூக்கமா? வேல்ச்சாமி, உனக்கு இது முன்னாடியே தெரியுமா? சீட்டு வாங்குற வரிசையிலேயே "உங்களுக்கா, அம்மாவுக்கா?"ன்னு கேட்டியா? நீ கேப்படா. உனக்கென்ன.

ஐயோ. நான் பாட்டுக்கு உக்காந்து இந்த மாதிரி ஆளுங்க, இந்த மாதிரி ஆளுங்கன்னு... எத்தனை தடவைம்மா சொல்லியிருப்பேன்? சும்மா சொல்லுங்க, கோவிச்சுக்க மாட்டேன். நாலா? எண்ணிக்கிட்டா இருந்தீங்க?

இல்லம்மா, சிரிக்காதீங்க, எனக்கு வெக்கமா இருக்கு. தப்பு என்மேலதான். இதைச் சுத்தி வளைக்காமத்தான் சொல்றேன். இவ்வளவு நேரம் பேசினேன், உங்க பேரைக் கூடக் கேக்கல பாருங்க.

என்னடா நீ நடுவுல? ஆமா, கல்யாணத்துக்குக் கூப்பிட்டேன். இவங்க சொன்னாங்களா? அதுக்கென்ன?

"நிஜமாவா, மரியாதைக்கா"வா?

...கூப்பிட்டப்ப மரியாதைக்குத்தான்ம்மா கூப்பிட்டேன். உண்மையைச் சொல்லிட்டேன். இப்ப நிஜமாக் கூப்பிடுறேன். வைகாசி பதினொண்ணு, அருப்புக்கோட்டை. இந்தாங்க பத்திரிகை. பேனா இருக்காடா? நீயே எழுது, வரிசையிலேயே பேரையும் கேட்டிருப்பியே. குடும்பத்துடன்னு போடு. வசந்தகோகிலமா? நல்ல பேரும்மா. வாங்க வசந்தகோகிலம். சாப்பாட்டுப் பந்தியில என் பக்கத்துல உக்காருங்க. நான் பேசிக்கிட்டே போனா கையைப் பிடிச்சு நிறுத்துங்க.

இல்லம்மா, மாத்திரை ஒண்ணும் கேக்கல. நான் எதுக்கு மாத்திரை கேக்கப் போறேன்? சித்தப்பா விக்கு வச்சா நாலு பேரு பாக்கத்தான் செய்வாங்க. டாக்டரம்மாகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். மேடையில நிக்கிறப்பவாவது அந்த ஸ்வெட்டரைக் கழட்டச் சொல்லுங்கன்னு கேக்கணும். நான் பத்து வருஷமாப் போராடுறேன், கேக்க மாட்டேங்கிறான்.

என்னடா? நான் சொல்லவே இல்லையா? தினமும் வேர்க்குதான்னு கேட்டேனே!

வேர்க்குதான்னுதான் கேட்டேனா.

முதல் தடவை இங்க சேர்த்திருந்தப்பவா? நானா வாங்கிக் குடுத்தேன்? ஆமா, ஏசி ரூமு. ஆமா. "இதைக் கழட்டவே கூடாது"ன்னு நான்தான் சொன்னேன், உனக்குக் குளிருமேன்னு சொன்னேன். அதுக்காக, பத்து வருஷமாடா?

சரி. இந்தா, நேராச் சொல்றேன், எல்லாரும் கேட்டுக்கோங்க. வேல்ச்சாமி, அதைக் கழட்டு. கல்யாணத்தன்னைக்கு நீதான் மேடையில நிக்கணும். நீதான்டா மாலை எடுத்துக் குடுக்கணும்.

நிஜமாத்தான்டா. மரியாதைக்கு இல்ல. நிஜமாத்தான்.

பாருங்கம்மா, கழட்டிட்டான். உள்ள அந்த வெள்ளைச் சட்டையைத்தான் போட்டிருக்கான், கசங்கவே இல்ல. நாப்பத்தி மூணுதானே, வர்றாங்க நர்ஸம்மா, வர்றாங்க! ஒரு நிமிஷம் இருங்க வசந்தகோகிலம், எங்க ஓடுறீங்க, இவன் சட்டையை மட்டும் நல்லாப் பாத்துட்டுப் போங்க.